பர்கூர் மலைவழியே ஊருக்கு

பெங்களூர் விவேக் நகரில் வாழும் நம்மவருள் ஈரோடு, கோபி, பவானிப் பக்கத்தைச் சேர்ந்தோர் ஊருக்குப் புறப்பட்டால், ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் செல்லும் அகன்ற நெடுஞ்சாலையையே நாடுகின்றனர். விரைவு கருதின் அது சரியே. ஆயின் அவ்வழியில் குழந்தைகள் காண்பது சுங்கச்சாவடிகளைத்தான். ஒரு பகலைச் செலவிட மனமுள்ள குடும்பத்தார்க்கு வேறொரு வழி உண்டு. கனகபுரா, மளவள்ளி, கொள்ளேகால், ஹனூர், பர்கூர், அந்தியூர் என்பதே அவ்வழி.

விடியுமுன் புறப்படுதல் நன்று. மளவள்ளியைக் கடந்தபின் சிவசமுத்திரத்தில் காவிரி இரு கிளையாகப் பிரிந்து வீழ்கிறது. 1902-இல் இங்கே பிறந்த மின்சாரமே கோலார் தங்கவயலுக்குச் சென்றது. அச்சுரங்கங்களில் உழைத்தவருள் பெரும்பாலோர் தமிழர் என்பதைக் குழந்தைகளுக்கு அங்கேயே நின்று சொல்லலாம்.

அடுத்து வருவது கொள்ளேகால். இது 1956-ஆம் ஆண்டு வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு தாலுகா. மாநிலங்களைத் திருத்தி அமைத்தபோது மைசூரைச் சேர்ந்தது. இதற்கு எதிர்மாறான காட்சியைப் பர்கூர் மலையில் காண்கிறோம். எல்லையைக் கடந்து தமிழ்நாட்டில் நுழைந்த பின்னும், மலையூர் லிங்காயத்துக் குடும்பங்களின் வீட்டுமொழி கன்னடமே. சந்தைக்கும் பள்ளிக்கும் தமிழ், அடுப்பங்கரைக்குக் கன்னடம். விவேக் நகரில் நாம் வாழும் வாழ்வைத் திருப்பிப் பிடித்த கண்ணாடி போன்றது அது! என் மகள் அங்கே ஒரு பாட்டியிடம் கன்னடத்தில் தண்ணீர் கேட்டாள். அவர் தமிழில் விடை கூறினார். இருவருக்கும் சிரிப்பு.

செந்நிறத்தில் வெண்திட்டுகள் கொண்ட பர்கூர் மாடுகள் இம்மலைக்கே உரியவை. காட்டில் பட்டியமைத்து மேய்ப்பது இவர்களின் மரபு. 2024-இல் இக்காட்டுப் பகுதி தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதையொட்டி, மேய்ச்சல் உரிமை என்னாகுமோ என்ற கவலை அவர்களிடையே எழுந்தது. யானைக்கும் இடம் வேண்டும், மாட்டுக்கும் இடம் வேண்டும். வழிப்போக்கராகிய நாம் எளிதில் தீர்ப்புக் கூறிவிட இயலாது.

இனி, வண்டி ஓட்டுவோர் கவனத்திற்கு. தாமரைக்கரையிலிருந்து அந்தியூருக்கு நீண்ட இறக்கம். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் உராய்வினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏற்றத்திற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குக. எஞ்சினே வண்டியைத் தடுத்துப் பிடிக்கும். எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுதல் மலைச்சாலையின் முறை. குழந்தைகளுக்குக் குமட்டுவதேன்? உட்காது வளைவை உணர்கிறது. கைப்பேசியில் பதிந்த கண்ணோ அசைவே இல்லை என்கிறது. அம்முரண்பாடே காரணம். கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டுத் தொலைவிலுள்ள மலைமுகட்டைக் காட்டுங்கள்.

இருட்டுமுன் மலையைக் கடந்துவிட வேண்டும். மேற்கே 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட திம்பம் சாலையில், வனவிலங்குகள் வண்டிகளில் அடிபட்டதால், 2022 முதல் நீதிமன்ற ஆணைப்படி இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. பர்கூர்ச் சாலையிலும் யானைகள் அதே யானைகள்தாம். நாங்கள் வரட்டுப்பள்ளம் அணையருகே வந்தபோது மாலை ஐந்து மணி. அக்கரையில் ஒரு யானை தன் கன்றோடு நீர் அருந்திக்கொண்டிருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு, வண்டியை விட்டு இறங்காமல், அவை காட்டுக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.