மைக் டெட் இல்லீங்க! புதுசு ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

சைடு இன்கமுக்காக ஒரு சேனல் ஆரம்பிக்கலாம்னு முடிவு பண்றோம். சம்பளம் வந்த வாரத்துலயே மைக்கும் வாங்கியாச்சு. ஆவடியிலயோ திருமுல்லைவாயல்லயோ ஒரு பெட்ரூம் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்திட்டு லேப்டாப்பைத் திறந்தா, ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல மைக் பேரே வரல. அடுத்த பத்து நிமிஷத்துல கை தானா ஷாப்பிங் ஆப்புக்குப் போயிடும். "இது சீப் மைக், அதான் வேலை செய்யல. ஐயாயிரத்துக்கு நல்லதா ஒண்ணு நோ-காஸ்ட் இஎம்ஐல போட்டுடலாம்."

கொஞ்சம் பொறுங்க. கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கலன்னா மைக் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. பின், விண்டோஸ், சாஃப்ட்வேர்னு நடுவுல மூணு வாசல் இருக்கு. ஒண்ணு மூடியிருந்தாலும் குரல் உள்ள போகாது. ஐயாயிரம் ரூபாய் புது மைக்கும் அதே மூடின வாசல்லதான் போய் நிக்கும்.

முதல்ல மைக் உயிரோட இருக்கான்னு பாருங்க. காலர்ல மாட்டுற மைக்னா போன்ல சொருகி வாய்ஸ் ரெக்கார்டர்ல பேசுங்க. போன்ல ஜாக் இல்லன்னா வீட்டுல யார்கிட்டயாவது பழைய போன் இருக்கும். யூஎஸ்பி மைக்னா நண்பரோட லேப்டாப்ல போட்டுப் பாருங்க. அங்க குரல் பதிவாச்சுன்னா மைக் நல்லாத்தான் இருக்கு, பிரச்சினை உங்க கம்ப்யூட்டர் பக்கம்.

பின்னைக் கவனிங்க

அதிகமா பணம் வீணாகுற இடம் இதுதான். 3.5 மி.மீ. பின்னைக் கையில எடுத்து அதுல இருக்கிற கருப்பு வளையங்களை எண்ணுங்க. மூணு இருந்தா அது போனுக்கான பின்: ஹெட்போன், மைக் ரெண்டுக்கும் சேர்த்து செஞ்சது. ரெண்டு இருந்தா கேமரா அல்லது டெஸ்க்டாப்புக்கானது. இப்போ வர்ற லேப்டாப்கள்ல பெரும்பாலும் ஒரே ஒரு கூட்டு ஜாக்தான், அதுக்கு மூணு வளையப் பின் வேணும். டெஸ்க்டாப்ல மைக்குக்குத் தனியா பிங்க் கலர் ஜாக் இருக்கும், அது ரெண்டு வளையப் பின்னுக்கு. மாத்திச் சொருகினா விண்டோஸ் அதை ஹெட்போன்னு நினைச்சுக்கும், இல்ல கண்டுக்கவே கண்டுக்காது. நிறையப் பேர் வாங்குற போயா பி.ஒய்-எம்1 மைக்ல மூணு வளையப் பின்தான். அதை டெஸ்க்டாப்ல போட ஒரு ஸ்ப்ளிட்டர் கேபிள் வேணும். அதோட உடம்புல ஒரு சின்ன சுவிட்சும் உள்ள ஒரு பட்டன் பேட்டரியும் இருக்கு. போன்ல பேசும்போது ஒரு நிலை, கேமரா அல்லது கம்ப்யூட்டர்னா இன்னொரு நிலை. பேட்டரி தீர்ந்திருந்தா ரெண்டாவது நிலையில சத்தமே வராது.

அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வச்சிருக்கீங்களா? கேபினட்டோட முன்பக்க ஜாக்குக்கு உள்ள வயரே கொடுக்காம விட்டிருக்கலாம். பின்னாடி இருக்கிற பிங்க் ஜாக்ல போட்டுப் பாருங்க. யூஎஸ்பி மைக்னா முதல் சந்தேகம் கேபிள் மேல. சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள்ல மைக்கோட லைட் எரியும், டேட்டா போகாது. ஹப் வழியா போடாம நேரா கம்ப்யூட்டர்ல சொருகுங்க.

"ஸ்டூடியோ கிட்"னு ஸ்டாண்டு, ஸ்பான்ஜ் எல்லாம் சேர்த்து விக்கிற பெரிய கன்டென்சர் மைக்குகள் தனிக் கதை. அவற்றுல பலதுக்கு 48 வோல்ட் தனி மின்சாரம் வேணும். லேப்டாப் ஜாக் சில வோல்ட்தான் தரும். குரல் ரொம்ப மெல்லிசா வரும், இல்லன்னா வரவே வராது. தள்ளுபடி பார்த்து அதை வாங்கினா, பின்னாடியே ஆடியோ இன்டர்ஃபேஸ்னு இன்னொரு செலவு வரும்.

விண்டோஸ், அப்புறம் சாஃப்ட்வேர்

விண்டோஸ் 11ல செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, மைக்ரோஃபோன் வரிசையா போங்க. மேல இருக்கிற மைக்ரோஃபோன் அனுமதி ஆன்ல இருக்கணும். பலர் அதோட நிறுத்திடறாங்க. கீழ டெஸ்க்டாப் ஆப்களுக்குன்னு தனி சுவிட்ச் ஒண்ணு இருக்கு. ஆடாசிட்டி, ஓபிஎஸ் ரெண்டும் அந்த வகைதான், அதையும் ஆன் பண்ணணும். அடுத்து பழைய கன்ட்ரோல் பேனல்ல சவுண்ட், ரெக்கார்டிங் டேப். காலி இடத்துல ரைட் கிளிக் பண்ணி, டிசேபிள் ஆன டிவைஸையும் காட்டச் சொல்லுங்க. மைக் மங்கலா தெரிஞ்சா எனேபிள் பண்ணிடுங்க. பேசும்போது பக்கத்துல பச்சைக் கோடு ஏறி இறங்குதா? அப்போ விண்டோஸ் வரைக்கும் குரல் வந்தாச்சு.

இதுக்கப்புறமும் ஆடாசிட்டில வரலன்னா காரணம் சிம்பிள். அது திறக்கும்போது என்னென்ன மைக் இருந்ததோ அதை மட்டும்தான் தெரிஞ்சு வச்சிருக்கும். மூடிட்டுத் திறங்க, இல்லன்னா மெனுல ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ் கொடுங்க. ஓபிஎஸ்ல செட்டிங்ஸ், ஆடியோ போய் டீஃபால்ட்டுக்குப் பதிலா மைக் பேரையே தேர்ந்தெடுங்க. டீம்ஸ், ஜூம் பின்னணியில ஓடிக்கிட்டிருந்தா அதையும் மூடிடுங்க, மைக்கை அது பிடிச்சு வச்சிருக்கலாம்.

மைக் செட்டிங் மங்கலா இருந்து, "உங்க நிறுவனம் நிர்வகிக்குது"ங்கிற மாதிரி ஒரு வரி தெரியுதா? அது ஆபீஸ் லேப்டாப். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஐடி கம்பெனில வேலை பார்க்கிற நண்பர்களுக்கு இது தனியா சொல்றேன்: அதைத் திறக்க வழி தேடாதீங்க. 2022 செப்டம்பர்ல, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததா 300 பேரை அனுப்பினதா விப்ரோ சொன்னது ஞாபகம் இருக்கும். சேனல் நடத்துறதும் அதுவும் ஒண்ணு இல்லதான். ஆனா ஆபீஸ் மெஷின்ல சொந்த ரெக்கார்டிங்னு எச்ஆர் மெயில் வந்தா, பேச்சு மைக்கைப் பத்தி இருக்காது. அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல சைடு வேலை பத்தி என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை படிச்சிடுங்க.

இப்போ கணக்குக்கு வருவோம். யூடியூப்ல விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்க்ரைபரும், கடைசி 12 மாசத்துல 4,000 மணி நேரப் பார்வையும் வேணும். ஷார்ட்ஸ் வழின்னா 90 நாள்ல ஒரு கோடி வியூஸ். அதுவரைக்கும் மைக்குக்குப் போடற ஒவ்வொரு ரூபாயும் சம்பளத்துல இருந்துதான் போகுது. முதல் பத்து வீடியோவுக்கு போன்லயே குரலைப் பதிவு பண்ணி லேப்டாப்புக்கு மாத்திக்கலாம், ஒண்ணும் குறையாது. பூந்தமல்லி ஹை ரோட்டு லாரி ஹாரனை ஐயாயிரம் ரூபாய் மைக்கும் பிடிக்கத்தான் செய்யும்!

ஸ்ப்ளிட்டரோ கன்வெர்ட்டரோ தேவைப்பட்டா சில நூறு ரூபாய்க்குள்ள ரிச்சி ஸ்ட்ரீட்ல முடிஞ்சிடும். ஆவடி, அம்பத்தூர்ல இருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின்ல சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோல அடுத்த ஸ்டேஷன் கவர்ன்மென்ட் எஸ்டேட், அப்புறம் நடைதான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடை மூடியிருக்கும், சனிக்கிழமை போங்க. மைக்கையும் லேப்டாப்பையும் எடுத்துட்டுப் போய் கடையிலயே சொருகிப் பேசிப் பாருங்க, பில் கேட்டு வாங்குங்க.

எல்லாம் பார்த்தும், வேற மெஷின்லயும் குரல் வரலன்னா அப்போ மைக் நிஜமாவே பழுது. ஆன்லைன்ல வாங்கினதுன்னா ரிட்டர்ன் தேதியை இன்னிக்கே ஆப்புல பாருங்க. சில பொருளுக்கு ஒரு வாரம்தான் தருவாங்க. "வீக்எண்ட்ல செட் பண்ணிக்கலாம்"னு பெட்டியைப் பிரிக்காம வச்சிருந்தா அந்த நாள் ஓடிப்போயிடும். வேற மெஷின்ல சொருகிப் பார்த்ததைப் போன்ல வீடியோ எடுத்து வச்சுக்கிட்டு ரிட்டர்ன் போடுங்க. விற்றவர் மறுத்தா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பில் நம்பரும் ஆர்டர் தேதியும் கையில வச்சுக்கிட்டுக் கூப்பிடுங்க.