ஆம்பர்கு வாந்திபேதிக் கொள்ளைநோய் (1892)

ஆம்பர்கு வாந்திபேதிக் கொள்ளைநோய் என்பது 1892 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஆம்பர்கு துறைமுக நகரில் பரவிய காலரா தொற்று ஆகும். இதில் ஏறத்தாழ 8,600 பேர் இறந்தனர். ஏழைகளே கூடுதலாகப் பாதிக்கப்பட்டனர்.

வணிகர்களும் வீட்டு உரிமையாளர்களும் செல்வாக்குப் பெற்றிருந்த நகர அரசு, செலவு கருதி மணல் வடிகட்டி நிலையம் அமைப்பதைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டது. எல்பே ஆற்று நீர் வடிகட்டப்படாமலே குழாய்களில் வழங்கப்பட்டது. நோயை அறிவித்தால் கப்பல்கள் தடுக்கப்பட்டு வணிகம் முடங்கும் என்ற அச்சத்தால் அறிவிப்பும் தாமதமானது. ஆனால் நோய் முற்றியதும் வெளிநாட்டுத் துறைமுகங்கள் ஆம்பர்கு கப்பல்களுக்குக் கட்டுப்பாடுகள் விதித்தன. அஞ்சிய வணிக இழப்பும் நேர்ந்தது.

அதே ஆற்று நீரை வடிகட்டி வழங்கிய அண்டை நகரான ஆல்டோனாவில் பாதிப்பு மிகக் குறைவு. ஆம்பர்கின் வடிகட்டி நிலையம் 1893 மே மாதத்தில் செயல்படத் தொடங்கியது.