கழித்துக் கட்டிய டிரான்சிஸ்டரின் குரல்

1982இல் பம்பாயில் ஓர் எல்.பி. ரெக்கார்டு வெளிவந்தது. இந்தித் திரையிசைக் குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் தன்னந்தனியாகப் பதிவு செய்தது. பெயர் ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. பத்து ஹிந்துஸ்தானி ராகங்கள். பூபாளி, மால்கௌன்ஸ், யமன் மூன்றும் அதில் உண்டு. நமக்கு அவை மோகனம், ஹிந்தோளம், கல்யாணி. ராகத்துக்கு அடியில் மூச்சுவிடாமல் ஓடும் மெஷின் தாளம். அன்று அது பெரிதாக விற்கவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோது கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள். 1987இல் ‘ஃபியூச்சர்’ குழுவின் ‘ஆசிட் ட்ராக்ஸ்’ மூலம் சிகாகோவிலிருந்து பரவிய ஆசிட் ஹவுஸ் இசையின் அதே நெளியும் ஒலி, ஐந்து வருடம் முன்பே பம்பாயில் பதிவாகியிருந்தது. ஒருவர் இசை இன்னொருவருக்குத் தெரியாது. கருவி மட்டும் ஒன்று.

சரண்ஜித் சிங் பயன்படுத்தியவை மூன்று பெட்டிகள். மூன்றும் ஜப்பானின் ரோலண்ட் தயாரிப்பு: ஜூபிட்டர்-8 சிந்தசைசர், டிபி-303 பேஸ் மெஷின், டிஆர்-808 டிரம் மெஷின். ஜூபிட்டர் மட்டுமே 22 கிலோ. இன்று இந்த மூன்றுக்கும் ரோலண்டே குட்டி வடிவம் போட்டிருக்கிறது. ஜேபி-08 2015இல் வந்தது, டிபி-03 2016இல், டிஆர்-08 2017இல். ஒவ்வொன்றும் ஓர் அடி நீளம், ஒரு கிலோவுக்குள் எடை, பேட்டரியிலும் ஓடும். ஜவுளிக்கடைத் துணிப்பை ஒன்றில் மூன்றும் அடங்கிவிடும்.

ரோலண்ட் மட்டுமல்ல. 1978இல் வந்த எம்எஸ்-20 கருவியை கோர்க் நிறுவனம் 2013இல் 86 சதவீத அளவுக்குச் சுருக்கி மறுபடி கொண்டுவந்தது. 1970இல் பிறந்து, ஆரம்ப காலத்தில் 1,495 டாலருக்கு விற்ற மினிமூக் சிந்தசைசரின் சர்க்யூட்டை பெஹ்ரிங்கர் நிறுவனம் கீபோர்டு இல்லாத சின்னப் பெட்டிக்குள் அடைத்து 299 டாலர் என்று விலை போட்டது.

சுருக்கும் வேலை பெரிய அதிசயமில்லை. அன்றைய ரெசிஸ்டர் ஒரு நெல்மணி நீளம் இருக்கும், இருபுறமும் கம்பி நீட்டிக்கொண்டு. அதே வேலையைச் செய்யும் இன்றைய ரெசிஸ்டரின் நீளம் 1.6 மில்லிமீட்டர், எள்ளைவிடச் சிறியது. அதை சர்க்யூட் போர்டின் மேலேயே மெஷின் ஒட்டிவிடுகிறது. மின்தேக்கி விஷயத்தில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். மலிவான செராமிக் வகைகள் சிலவற்றில், மேலே விழும் மின்னழுத்தம் மாறினால் கொள்ளளவும் மாறும். தட்டினால் அதிர்வைக்கூட மின்சாரமாக்கிக் கொடுத்துவிடும். ஒலி ஓடும் பாதையில் அதை வைத்தால் சுரமே கலங்கும். ஆகவே அங்கே வேறு வகை போடுவார்கள்.

உண்மையான மல்லுக்கட்டு வேறு இடத்தில் இருக்கிறது. பழைய கருவிகளின் குரலில் பெரும்பங்கு, அவற்றின் உதிரி பாகங்களில் இருந்த குறைகளிலிருந்து வந்தது. நல்ல பாகத்தை இன்று எங்கும் வாங்கலாம். அன்றைய குறையை எங்கே போய் வாங்குவது?

808-ஐ எடுத்துக்கொள்வோம். அதில் பதிவு செய்த ஓசை எதுவும் கிடையாது. எல்லாமே சர்க்யூட் உண்டாக்குவது. சிம்பலின் உலோக ஒலிக்கு, ஒன்றோடொன்று சுருதி சேராத ஆறு ஆஸிலேட்டர்கள். ஸ்னேரின் ‘சர்ர்’ என்ற ஓசைக்கு ஒரு டிரான்சிஸ்டரின் இரைச்சல். அளவுக்கு மீறி இரைகிறது என்று மற்றவர்கள் கழித்துக் கட்டும் டிரான்சிஸ்டர்களை ரோலண்ட் தேடி வாங்கியது. பிறகு அவற்றைத் தயாரித்த ஆலைகளின் தரம் உயர்ந்தது, கழிவு குறைந்தது, வேண்டிய பழுதான சரக்கு வருவது நின்றுபோனது. 1983இல் 808 தயாரிப்பு முடிவுக்கு வந்ததற்கு அதுதான் காரணம் என்று ரோலண்டை நிறுவிய இக்குதாரோ காகேஹாஷி பின்னாளில் சொல்லியிருக்கிறார். குறைக்குத் தட்டுப்பாடு வந்து ஒரு வாத்தியம் நின்ற கதை இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இதைப் படித்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. ரிச்சி தெருவில் பத்து பிசி547 டிரான்சிஸ்டர் வாங்கினேன். பொறுக்கி எடுக்கப் போனபோது, “எல்லாம் ஒரே நம்பர்தான் சார், எதை எடுத்தாலும் ஒண்ணுதான்” என்றார் கடைக்காரர். வீட்டில் 12 வோல்ட் அடாப்டரின் பிளஸ் முனையை ஒரு ரெசிஸ்டர் வழியாக எமிட்டரில் கொடுத்து, பேஸை மைனஸில் கட்டி, கலெக்டரை அந்தரத்தில் விட்டேன். அதாவது வழக்கத்துக்கு நேர்மாறாக. அப்போது எமிட்டர் சந்தி உடைந்து, எலெக்ட்ரான்கள் சரிவுபோலப் பாயும். அந்தப் பாய்ச்சல் சீராக இருக்காது, அந்தச் சீரின்மைதான் இரைச்சல். ஒவ்வொன்றாக ஆம்ப்ளிஃபயரில் மாட்டிக் கேட்டேன். பெரும்பாலானவை ஓட்டுக்கூரையில் விழும் மழை. இரண்டு ஏறக்குறைய ஊமை. ஒன்று மட்டும் தாளிக்கும்போது கடுகு வெடிப்பதுபோலப் பொரிந்தது. ஒரே நம்பர்தான். ஒரே குரல் இல்லை.

303-இன் குணம் இன்னும் நுட்பமானது. துணைக்கு பேஸ் கிட்டார்காரர் இல்லாதவர்களுக்காக வந்த கருவி அது. கிட்டார்போல ஒலிக்கவேயில்லை, விற்காமல் 1984இல் நிறுத்தினார்கள். அடிமாட்டு விலைக்குப் போனதால்தான் சிகாகோ இளைஞர்கள் கையில் கிடைத்தது. அதில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குச் சறுக்கும் வசதி உண்டு. ஒரு மின்தேக்கி பழைய மின்னழுத்தத்திலிருந்து புதியதற்கு நிரம்புகிறது, அவ்வளவுதான். தொட்டியில் தண்ணீர் மட்டம் சமமாவதுபோல முதலில் வேகமாகப் பாய்ந்து, கடைசியில் மெதுவாக வந்து அமரும். இடைவெளி இரண்டு சுரமோ எட்டு சுரமோ, எடுத்துக்கொள்ளும் நேரம் மாறாது. கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் ஓர் உறவு தெரியும். ராகம் வாசிக்க சரண்ஜித் சிங் இந்தப் பெட்டியைத் தேர்ந்தது எனக்கு வியப்பாகவே இல்லை.

சறுக்கிவரும் ஒலி அடுத்து ஃபில்டருக்குள் போகும். சிந்தசைசர் முன்னோடி ராபர்ட் மூக் 1969இல் காப்புரிமை பெற்ற ஃபில்டரில் டிரான்சிஸ்டர்கள் ஏணிப்படிபோல நான்கு அடுக்காக நிற்கும். ஒவ்வொரு படியும் தன் வேலையைத் தனியே பார்க்கும். 303-இல் டிரான்சிஸ்டரை டயோடுபோலக் கட்டியிருக்கிறார்கள். அதனால் கீழ்ப்படியை அசைத்தால் மேல்படியும் ஆடும். ஒன்றின் சுமை மற்றதன் தலையில். பாடப்புத்தகக் கணக்குப்படி இது ஒழுங்கில்லாத ஃபில்டர்; அந்த ரப்பர்போல இழுபடும் குரல் இந்த ஒழுங்கின்மையில் பிறப்பது. இதை அப்படியே மறுபடி கட்ட விரும்பிய லிமோர் ஃப்ரைட், 2005 வாக்கில் ‘எக்ஸாக்ஸ்பாக்ஸ்’ என்ற கிட்டை வடிவமைத்து சர்க்யூட்டை எல்லோருக்கும் திறந்து வைத்தார். அதைக் கட்டியவர்கள் உற்பத்தி நின்றுபோன டிரான்சிஸ்டர்களையும் ஐ.சி.க்களையும் தேடி அலைந்தார்கள்.

ஜூபிட்டரில் ஆஸிலேட்டர்கள் பதினாறு. ஒரு வோல்ட் ஏறினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏற வேண்டும் என்பது அனலாக் கருவிகள் பலவற்றின் கணக்கு. இதற்கு டிரான்சிஸ்டரின் இயல்பான ஒரு குணத்தைப் பயன்படுத்துகிறார்கள்: பேஸில் சுமார் 18 மில்லிவோல்ட் கூடினால் மின்னோட்டம் இரண்டு மடங்காகும். சிக்கல், அந்த 18 என்ற எண் வெப்பத்தோடு நகரும், ஒரு டிகிரிக்கு 0.33 சதவீதம். ஈடுகட்டாமல் விட்டால் ஒரே ஒரு டிகிரியில், ஐந்து ஸ்தாயி தாண்டிய சுரம் அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு தப்பிப்போகும். வெப்பத்தை ஈடுகட்டும் சர்க்யூட் வைத்தும் கொஞ்சம் மிச்சமிருக்கும். பதினாறும் பதினாறு விதமாக, மயிரிழை மயிரிழையாக விலகி நிற்கும். கல்யாண வீட்டில் இரண்டு நாகஸ்வரம் ஒரே சுரத்தைப் பிடிக்கும்போது மண்டபம் நிறைகிறதே, அந்த நிறைவு இதிலிருந்து வருவது. ஒன்றையே இரண்டு மடங்கு சத்தமாக வைத்தால் அது வராது.

ரோலண்டின் குட்டிக் கருவிகளுக்குள் இந்த சர்க்யூட்டுகள் எதுவும் இல்லை. ஒவ்வொரு பாகமும் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணினிச் சில்லு கணக்குப் போட்டுச் சொல்கிறது. ரோலண்ட் விற்கும் மென்பொருள் ஜூபிட்டரில் ‘கண்டிஷன்’ என்றே ஒரு குமிழ் இருக்கிறது; கருவிக்கு எவ்வளவு வயதாகியிருக்க வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். முதுமைக்கு ஒரு குமிழ் வைக்க நேர்ந்ததே எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று காட்டுகிறது. கணக்கு நன்றாகவே வேலை செய்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்கும் ஓர் எல்லைக்குள்தான்: பழைய ஜூபிட்டர் ஒரே நேரத்தில் எட்டுக் குரலில் பாடும், ஜேபி-08 நான்கில். எட்டு வேண்டுமானால் இரண்டு பெட்டி வாங்கி இணைக்க வேண்டும்.

அனலாகோ டிஜிட்டலோ, இரண்டு வகையிலும் சுருங்காத ஒன்று மனிதக் கை. 303-ஐ வாசிப்பது என்றால் ஓடிக்கொண்டிருக்கும் சுரங்களின் மேல் குமிழைத் திருகுவது. குமிழ் சிறிதாகி, பக்கத்துக் குமிழ் நெருங்கிவிட்டால் விரல் தயங்கும். தயங்கிய விரலில் பாவம் வராது. கோர்க் நிறுவனம் ஆர்ப் ஒடிசி என்ற பழைய சிந்தசைசரை 86 சதவீதமாகச் சுருக்கி 2015இல் விற்றுவிட்டு, பிறகு முழு அளவு விசைகளோடு இன்னொன்றும் வெளியிட்டது. காரணம் என்னவென்று அதை ஒரு மணி நேரம் வாசித்த கைக்குத் தெரியும்.

மறுபதிப்புக்குப் பிறகு, எழுபது வயதை ஒட்டிய சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் அந்தப் பத்து ராகங்களையும் மறுபடி வாசித்தார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார். அதற்குச் சில மாதங்களில் ஜேபி-08 கடைக்கு வந்தது.