உடைந்த கண்ணாடியும் மடங்கும் ரிங்கும்

என்பிஏ ஆட்டம் பார்க்கிறவர்கள் கவனித்திருப்பீர்கள். ஒரு ஆள் எம்பிக் குதித்து பந்தைக் கூடைக்குள் அடித்துவிட்டு ரிங்கைப் பிடித்துத் தொங்குவார். ரிங் சட்டென்று கீழே மடங்கும், கையை விட்டதும் பழைய இடத்துக்கே வந்துவிடும். இந்த மடக்கு முதலிலேயே இருந்ததில்லை. அது வருவதற்குப் பின்னால் ஒரு கோமாளியும் ஒரு கல்டிவேட்டர் ஸ்பிரிங்கும் இருக்கின்றன.

பழைய ரிங்கைக் கண்ணாடி போர்டோடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். ரிங்கின் முன்விளிம்பில் தொங்கினால் அது கடப்பாரை போட்டு நெம்புகிற மாதிரிதான். முழு அழுத்தமும் போல்ட் இருக்கிற இடத்தில் கண்ணாடி மேல் இறங்கும். இது டெம்பர்டு கிளாஸ் வேறு. கார் ஜன்னல் மாதிரி, ஒரு இடத்தில் விட்டுக்கொடுத்தால் மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும்.

அதுக்குப் பெரிய பலசாலி கூட வேண்டியதில்லை. 1946 நவம்பரில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் முதல் உள்ளூர் ஆட்டம். ஆட்டம் தொடங்கும் முன் பயிற்சியில் சக் கானர்ஸ் என்பவர் தூரத்தில் நின்று சாதாரணமாக ஒரு பந்து எறிந்தார், போர்டு நொறுங்கிவிட்டது. ரிங்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைக்க வேண்டிய ரப்பரை மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். மாற்று போர்டு வரும்வரை ஆட்டம் தள்ளிப்போனது. கானர்ஸ் பிறகு பேஸ்பால் ஆடினார், அதுவும் போதாமல் நடிகராகி 'தி ரைஃபிள்மேன்' தொடரில் புகழ்பெற்றார். சரி, அது தனிக்கதை.

நம்ம கோமாளி டேரில் டாகின்ஸ். 1975-ல் பள்ளி முடித்த கையோடு பிலடெல்பியா அணிக்கு வந்தவர். ஆறடி பதினோரு அங்குலம், நூறு கிலோவுக்கு மேல் எடை. பட்டப்பெயர் 'சாக்லேட் தண்டர்'. சொந்த ஊர் எதுன்னு கேட்டால் ஃப்ளோரிடா என்று சொல்ல மாட்டார், 'லவ்ட்ரான்' என்ற கிரகத்திலிருந்து வந்திருக்கேன் என்பார். தன் டங்க் ஒவ்வொன்றுக்கும் தானே பெயர் சூட்டிக்கொள்வார்.

1979 நவம்பர் 13, கான்சாஸ் சிட்டி. டாகின்ஸ் அடித்த டங்கில் போர்டு வெடித்துச் சிதறியது. கீழே நின்றிருந்த எதிரணி வீரர் பில் ராபின்சைன் தலையைக் காத்துக்கொண்டு ஓடினார். டாகின்ஸ் அந்த டங்குக்கு வைத்த பெயர், சோழர் மெய்க்கீர்த்தி தோற்றுவிடும் நீளம்: சாக்லேட் தண்டர் பறக்க, ராபின்சைன் அழ, பல் ஆட, கண்ணாடி உடைய... என்று இன்னும் போய்க்கொண்டே இருக்கும். சரியாக 22 நாள் கழித்து, டிசம்பர் 5-ஆம் தேதி, பிலடெல்பியாவில் சொந்த ஊர் ரசிகர்கள் முன்னாலேயே இன்னொன்றை உடைத்தார்.

படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் எனக்கு அந்த 'ராபின்சைன் அழ' மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கும். அவர் ஒன்றும் துக்கடா ஆட்டக்காரர் இல்லை. ஏழு பருவங்கள் என்பிஏ-வில் ஆடியவர், ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்துப் புள்ளி எடுத்தவர். 1982 செப்டம்பரில், 29 வயதில், தற்கொலை செய்துகொண்டார். அதுக்கும் இந்த போர்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் இன்று அவர் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது இந்தக் கண்ணாடிதான். இயைபுக்காக அழவைக்கப்பட்ட மனுஷன்.

லீக் நிர்வாகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடித் தூள் யார் கண்ணில் வேண்டுமானாலும் விழலாம். போர்டை உடைத்தால் அபராதம், இடைநீக்கம் என்று விதி கொண்டுவந்தார்கள்.

உண்மையில் தீர்வு அதற்கு முன்பே இல்லினாயில் ஒருத்தர் கையில் இருந்தது. ஆர்தர் எர்ஹாட், தானியக் கிடங்கு ஒன்றின் மேலாளர். கல்லூரிக் கூடைப்பந்தில் 1967 முதல் டங்க் அடிக்கத் தடை இருந்தது, 1976-ல் நீக்கினார்கள். உடனே ரிங்குகள் வளையத் தொடங்கின. கல்லூரி அணி ஒன்றில் துணைப் பயிற்சியாளராக இருந்த அவருடைய உறவுக்காரப் பையன் ஒருவர் இந்தத் தொல்லையைச் சொல்லப்போக, எர்ஹாட் மண்டையைக் குடைந்திருக்கிறார். ஜான் டீர் கல்டிவேட்டரின் கனமான ஸ்பிரிங் ஒன்றை எடுத்து, ரிங்கைக் கீல் வைத்துப் பொருத்திப் பார்த்தார்.

கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் சிக்கல் வேறு இடத்தில். ரிங் சும்மா ஆடினால் ஆட்டமே கெட்டுவிடும், பந்து பட்டு எழும்புவது மாறிப்போகும். அதனால் பந்துக்கு அசையக்கூடாது, ஆளுக்கு மட்டும் அசைய வேண்டும். ஒரு அளவுக்கு மேல் இழுத்தால்தான் பிடி விட வேண்டும், விட்டதும் தானாக நேராக வேண்டும். இன்று சர்வதேச விதிப்படி அந்த அளவு, முன்விளிம்பில் 82 முதல் 105 கிலோ வரை. இதே திசையில் யோசித்தவர்கள் வேறு சிலரும் உண்டு. எர்ஹாட்டுக்கு 1982 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. அதுக்குள் 1981-82 பருவத்திலேயே என்பிஏ மடங்கும் ரிங்குக்கு மாறிவிட்டது.

டாகின்ஸ் என்ன ஆனார்? 1983-84 பருவத்தில், நியூ ஜெர்சி அணியில், 386 ஃபவுல் செய்தார். ஒரே பருவத்தில் அத்தனை ஃபவுல் செய்த சாதனையை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை. பிறகு இத்தாலியில் பல வருடம் ஆடி, 2015-ல் 58 வயதில் காலமானார்.

மடங்கும் ரிங் வந்ததும் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1993-ல் ஷகீல் ஓ'நீல் வந்தார். முதல் வருட ஆட்டக்காரர், சுமார் 136 கிலோ. ஃபீனிக்ஸில் அவர் தொங்கியபோது ரிங் ஒழுங்காக மடங்கியது, கண்ணாடியும் உடையவில்லை. போர்டைத் தாங்கிய கம்பமே மெதுவாகக் குனிந்து தரையில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து நியூ ஜெர்சியில் போர்டையே கம்பத்திலிருந்து பிய்த்துக்கொண்டு இறங்கினார். அதன் பிறகு கம்பத்தையும் பலப்படுத்தினார்கள்.