மாடு சினை பிடிக்கலையா? பசு மேல் மட்டும் பழி போடாதீங்க... காளையையும் சோதிக்கணும்!

தாயில்பட்டி:

வெம்பக்கோட்டை அருகே உள்ள தாயில்பட்டி என்றதும் பட்டாசுதான் ஞாபகத்துக்கு வரும். ஆலைக்கு வேலை இல்லாத நாளில் கைச்செலவுக்கு கைகொடுப்பது வீட்டில் நிற்கும் ஒன்றிரண்டு மாடுகள்தான்.

அந்த மாட்டை 2, 3 தடவை காளைக்கு விட்டும் சினை பிடிக்கவில்லை என்றால், 'மலட்டு மாடு' என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு தள்ளிவிடுகிறார்கள். குறை காளையிடம் இருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை. அந்தக் காளையோ அடுத்த தெருவில் அடுத்த மாட்டுக்கு போய் நிற்கும்!

வெயிலும் காய்ச்சலும்

காளையின் விதை உடம்பு சூட்டை விட 4, 5 டிகிரி குறைவாக இருந்தால்தான் நல்ல உயிரணு உருவாகும். சித்திரை வெயிலில் நிழல் இல்லாமல் கட்டினாலோ, கோமாரி வந்து காய்ச்சல் அடித்தாலோ உயிரணு கெட்டுவிடும். புதிதாக உருவாக ஏறக்குறைய 2 மாதம் ஆகும். அதுவரை காளை பார்க்க ஜம்மென்று இருந்தாலும் பலன் இருக்காது. 'அதான் ஏறுதே, அப்புறம் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. ஏறுவது வேறு, சினையாக்குவது வேறு.

கால்நடை டாக்டர் விதையை தடவிப் பார்த்து, சுற்றளவை டேப்பால் அளந்து, விந்தை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். விதையில் வீக்கம் இருந்தால் உஷாராக வேண்டும்.

மனிதருக்கும் தொற்றும்

காரணம், புருசெல்லோசிஸ் என்ற கன்று வீச்சு நோய். 5 மாதத்துக்கு மேல் சினையாக இருக்கும் மாடு திடீரென கன்றை வீசிவிடும். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொட்டாலும், காய்ச்சாத பாலைக் குடித்தாலும் மனிதருக்கும் விட்டு விட்டு காய்ச்சல், மூட்டு வலி வரும். 4 முதல் 8 மாத கிடேரி கன்றுகளுக்கு ஒரு தடவை தடுப்பூசி போடப்படுகிறது. காளைக் கன்றுக்கு இந்த ஊசி கிடையாது. அதற்கு ரத்தப் பரிசோதனைதான் வழி.

விருதுநகர், மதுரை, சிவகங்கை பக்கம் கிடை போடும் புலிக்குளம் மாடுகளுக்கு இது இன்னும் முக்கியம். மந்தையோடு மேயும் ஒரு காளை கெட்டால் அந்த வருஷத்து கன்றே போச்சு. 3 வருஷத்துக்கு ஒருமுறை காளையை மாற்றாவிட்டால் தன் மகள் கிடேரியோடே சேர்ந்துவிடும்.

சினை ஊசிக்கு வரும் விந்து, ஊட்டி, ஓசூர், ஈச்சங்கோட்டை போன்ற நிலையங்களில் நோய் பரிசோதனை செய்த காளைகளிடம் எடுத்தது. ஆனால் நேரம் தவறக்கூடாது. காலையில் பருவம் தெரிந்தால் சாயங்காலம், சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை ஊசி போட வேண்டும். ஆலைக்கு போகிறவர்கள் விடியும் முன்பும் ராத்திரியும் தொழுவத்தை எட்டிப் பார்ப்பது நல்லது. விட்டால் இன்னும் 21 நாள் காத்திருக்கணும்.

கால்நடை ஆம்புலன்சை அழைக்க 1962 என்ற இலவச எண் இருக்கிறது. காளை சோதனைக்கு பக்கத்து கால்நடை ஆஸ்பத்திரியில் கேட்கலாம்.