குருதியின் ஒருவழிப் பாதை

உண்ட ஆகாரம் கல்லீரலில் இரத்தமாக மாறுகிறது என்றும், அங்கிருந்து அவயவங்களுக்குச் சென்று அங்கேயே செலவாகிவிடுகிறது என்றும் கிரேக்க வைத்தியர் காலன் வகுத்த சித்தாந்தத்தை, ஐரோப்பிய வைத்திய உலகம் ஏறத்தாழ 1400 ஆண்டுகள் ஏற்றுப் போற்றி வந்தது. அதைத் தகர்த்த வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கில வைத்தியருக்குத் துணைநின்றவற்றுள் முதன்மையானது எளிய பெருக்கற்கணக்கு.

அக்கணக்கை இன்றைய அளவுகளைக் கொண்டு நாமும் போட்டுப் பார்க்கலாம். ஓய்ந்திருக்கும் மனிதனுடைய இருதயம் ஒரு துடிப்பில் ஏறக்குறைய 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. நிமிஷத்துக்கு 72 துடிப்பென்றால் 5 லிட்டர். மணிக்கு 300 லிட்டர். மனிதனுடைய எடையையே பன்மடங்கு விஞ்சும் இவ்வளவு இரத்தத்தை எந்த ஆகாரம் மணிதோறும் உண்டாக்க வல்லது? ஆகவே, உள்ள இரத்தமே ஓயாமல் சுற்றி வருகிறது என்று துணிந்து, 1628-ஆம் ஆண்டில் தம் நூலை வெளியிட்டார் ஹார்வி.

இருதயத்தின் வலப்புற மேலறையில் வந்து சேரும் இரத்தம், கீழறைக்கு இறங்கி, நுரையீரலை அடைந்து, கரியமில வாயுவை விடுத்துப் பிராணவாயுவை ஏற்று, இடப்புற மேலறைக்குத் திரும்பி, அதன் கீழறையிலிருந்து மகாதமனியின் வழியே சரீரமெங்கும் பரவுகிறது. அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டும் அனுப்பும் வலக் கீழறையின் சுவர் மெல்லியது. உச்சி முதல் பாதம் வரை செலுத்த வேண்டிய இடக் கீழறையின் சுவரோ அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு தடித்தது.

எனினும் தசையின் வலிமை மட்டும் போதாது. சுருங்கும் அறை இரத்தத்தை முன்னும் பின்னுமாகத் தள்ளிவிடாமல், ஒரே திசையில் செல்லும்படி தடுத்தாள்பவை வால்வுகள். ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் இரட்டை ஒலியில் முதலாவது, அறைகளுக்கு இடையிலுள்ள வால்வுகள் மூடும்போதும், இரண்டாவது, தமனிகளின் வாயிலிலுள்ளவை மூடும்போதும் எழுவது.

கைகால்களின் சிரைகளிலும் வால்வுகள் உண்டு. மேற்கையை இலேசாகக் கட்டி, முன்கையில் புடைத்தெழும் ஒரு சிரையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக அடுத்த வால்வைத் தாண்டி வழித்துவிட்டால், இடைப்பட்ட பகுதி வெறுமையாகவே நிற்கும். மேலிருந்து ஒரு துளியும் இறங்காது. அழுத்திய விரலை எடுத்ததும் கீழிருந்து அது நிரம்பிவிடும். சிரையின் இரத்தம் இருதயத்தை நோக்கியே செல்கிறது என்பதை ஹார்வி இவ்வாறே காட்டினார்.

தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் கடக்கும் வழியை மட்டும் அவர் காணவில்லை. அவர் 1657-இல் மறைந்தபின், 1661-இல், இத்தாலியரான மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்பெருக்கியில் ஆராய்ந்து, இரண்டையும் இணைக்கும் தந்துகிகளைக் கண்டறிந்தார். கணக்கும் பரீட்சையும் முன்னரே நிலைநாட்டியிருந்த சுற்றோட்டத்தில், கண்ணுக்கு எட்டாதிருந்த பகுதியும் அன்று வெளிப்பட்டது.