ட்ராம்போலினைத் திரும்பப் பெறும் அறிவிப்பு: யாரைச் சேர்கிறது, யாரைச் சேர்வதில்லை?

அமெரிக்காவில் 2005-இல் ஜம்ப்கிங் நிறுவனம் ஏறத்தாழ 10 லட்சம் ட்ராம்போலின்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. குழந்தைகள் குதித்துக்கொண்டிருக்கும்போதே இரும்புச் சட்டத்தின் வெல்டிங் விட்டுப்போகக்கூடும் என்பதே காரணம். 2012-இல் வால்மார்ட் கடைகளில் விற்ற சுமார் 92,000 ‘பவுன்ஸ்புரோ’ ட்ராம்போலின்களின் சுற்றுவலை கிழிந்து, குழந்தைகள் வெளியே விழும் ஆபத்து தெரியவந்தது. 2019-இல் சுமார் 23,000 ‘சூப்பர் ஜம்ப்பர்’ ட்ராம்போலின்கள் திரும்பப் பெறப்பட்டன. மறுபடியும் வெல்டிங் விரிசல்.

ஏன் வெல்டிங்கும் வலையும்?

குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை சட்டத்தின் மீது இறங்குகிறது. இணைப்பு சரியாக அமையாவிட்டால், நாள்தோறும் விழும் இந்த அடியில் மயிரிழை விரிசல் மெல்ல வளரும். மழையில் நனைந்து துருவும் ஏறினால் இன்னும் வேகமாக வளரும். பிளாஸ்டிக் இழையால் ஆன வலை வெயிலில் நொய்ந்துபோகும். பார்வைக்கு முழுதாகத் தெரியும் வலை, குழந்தை வேகமாக மோதும்போது தாங்காது.

அறிவிப்பு எப்படி வருகிறது?

பொறுப்பு, அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துடையது. தன் பொருளில் கடுமையான ஆபத்துக்கு இடமிருப்பதாகத் தகவல் கிடைத்தால், நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். பிறகு இருவரும் சேர்ந்து அறிவிப்பு வெளியிடுகிறார்கள். பெரும்பாலும் முழு ட்ராம்போலினையும் யாரும் திருப்பி எடுத்துச் செல்வதில்லை. பழுதுநீக்கும் பாகமோ புதிய வலையோ இலவசமாக வரும். திரும்பப் பெறப்பட்ட பொருளை விற்பது 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பிறகும் ஏன் பல வீடுகளுக்குச் சேதி எட்டுவதில்லை?

அதே 2008 சட்டம் தொட்டில், தள்ளுவண்டி போன்ற கைக்குழந்தைப் பொருள்களோடு பதிவு அட்டை தர வேண்டும் என்கிறது. வாங்கியவர் அதை நிரப்பி அனுப்பினால், குறை தெரிந்தவுடன் நிறுவனம் அவரை நேரடியாக அழைக்கலாம். ட்ராம்போலினுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் பழையதாக வாங்கியவர், வீட்டோடு சேர்த்துப் பெற்றவர் ஆகியோரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இராது.

குறையே இல்லாத ட்ராம்போலின் பாதுகாப்பானதா?

இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், வீட்டில் ட்ராம்போலின் வேண்டாம் என்றே 2012 அறிக்கையில் அறிவுறுத்துகிறது. காயங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு, ஒரே நேரத்தில் பலர் குதிக்கும்போது நேர்கிறது. கனமானவர் இறங்கும்போது விரிப்பு வேகமாக மேலெழும்பி, எடை குறைந்த குழந்தையின் காலில் மோதுகிறது. ஆகவே எலும்பு முறிவது பெரும்பாலும் சிறிய குழந்தைக்குத்தான். சுற்றுவலை இருப்பதால் காயங்கள் குறைந்ததாக உறுதியான சான்று இல்லை என்றும் அந்தச் சங்கம் சொல்கிறது.

வீட்டில் இருந்தால் என்ன செய்வது?

- சட்டத்திலோ வலையிலோ ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். பட்டியலில் இருந்தால் அன்றே குதிப்பதை நிறுத்துங்கள்.
- பழையதாக வாங்குமுன் இதே சோதனையைச் செய்யுங்கள். எண் அழிந்திருந்தால் வாங்க வேண்டாம்.
- வெல்டிங், ஸ்பிரிங், அதன் மேலுறை, வலை ஆகியவற்றை அடிக்கடி பாருங்கள்.
- ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். 6 வயதுக்கு உட்பட்டவர்களை ஏற்ற வேண்டாம். குட்டிக்கரணம் கூடாது. பெரியவர் ஒருவர் அருகிலேயே நிற்க வேண்டும்.

இவை பெற்றோர் செய்யக்கூடியவை. ஆனால் குறையைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை முழுவதையும் அவர்கள் தலையில் கட்டுவது நியாயமல்ல. வெல்டிங் எங்கே விடும் என்று முதலில் அறிவது நிறுவனம். தொட்டிலுக்குக் கட்டாயமான பதிவு அட்டையை ட்ராம்போலினுக்கும் கட்டாயமாக்க வேண்டும்.